பதினைந்து முட்டையும் ஒரு பொட்டலமும்

ஜூன் 3, செவ்வாய்

பதினாறு வருடமாக முட்டையோடுதான் என் பிழைப்பு. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் என்றால் சும்மாவா? நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அவிக்கவும் உரிக்கவும் பதிவேட்டில் ஏற்றவும் தெரியும். முட்டையைப் பொரிக்க வைப்பது மட்டும் இன்றுதான் முதல் தடவை. அதுவும் கோழி இல்லாமல்.

மீன்கடைத் தெர்மாகோல் பெட்டியை மூன்று நாள் கழுவி வெயிலில் போட்டும் வாடை போகவில்லை. அதற்குள் இரண்டு குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய காற்றாடி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் எரியவிடும் சின்ன மீட்டர். மீட்டரை சுபாஷிணி மதுரையிலிருந்து அனுப்பினாள். நர்சிங் கடைசி வருடம் படிக்கிற என் மகள். "அப்பா கைக்கு ஏதாச்சும் வேல குடும்மா, சும்மா உக்கார விடாத" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

மோட்டாருக்குக் காயில் கட்டிய கை இவர் கை. சுருளிவேல் கட்டினால் பத்து வருடத்துக்குப் புகையாது என்று தேனியிலிருந்தெல்லாம் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இன்றைக்குப் பல்பு ஹோல்டரில் ஒரு வயரை நுழைக்க அரை மணி நேரம் ஆனது. கை அப்படி ஆடுகிறது. நான் பார்க்காத மாதிரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

முட்டை பதினைந்தும் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்கா கொடுத்தது. அக்காவும் இன்றைக்கே தன் கருங்கோழியைப் பதினோரு முட்டையில் அடை வைத்தது. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடுமாம், கூடைக்குள் ஒரு கரித்துண்டும் வற்றல் மிளகாயும் இரும்பு ஆணியும் போட்டது. "ஒம்ம பொட்டிக்கும் ஒரு ஆணி தரட்டா?" என்று இவரிடம் கேட்டது. "பொட்டி பூரா ஆணிதான்க்கா" என்றார். சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது.

குடியை நிறுத்தி இன்றோடு பத்தொன்பது நாள். இதற்கு முன் நான்கு தடவை நிறுத்தியிருக்கிறார். இருபத்திரண்டு நாளைத் தாண்டியதில்லை. போன மாதம் இரத்த வாந்தி எடுத்தபோது டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார், இன்னொரு தடவை இதில் விழுந்தால் ஈரல் தாங்காது, ஆள் மிஞ்சமாட்டார் என்று.

ஜூன் 4, புதன்

சூடு முப்பத்தேழரையில் நிற்கிறது. முட்டையின் ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி, பென்சிலால் போட்டிருக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று வேளை திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம். அவர் வட்டத்தைக் குறியாக்குவதையும் குறியை வட்டமாக்குவதையும் பார்த்தால் கோவில் பூசாரி தோற்றார்.

பாக்கியத்தக்கா பின்வாசல் வழியாக வந்து ஒரு பொட்டலம் கொடுத்தது. பெயர் இல்லை, சீட்டு இல்லை. வெள்ளைத் தூள். உசிலம்பட்டிப் பக்கம் ஒருவர் கொடுக்கிறாராம், அக்காவின் தங்கை வீட்டுக்காரர் இதில்தான் திருந்தினாராம். குழம்பிலோ ரசத்திலோ ஒரு சிட்டிகை. "அவருக்குத் தெரியவே கூடாதுடி. தெரிஞ்சா பலிக்காது. இது உள்ள இருக்கையில குடிச்சாருன்னா கொடலப் பொரட்டி எடுத்துரும். தானா வெறுத்துருவாரு."

"அவருதான் நிறுத்திட்டாருல்லக்கா?"

"நாலு தடவ நிறுத்துன ஆளுதானடி வேலுத்தாயி."

பொட்டலத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். சாப்பிடும்போது ரசம் மணமாக இருக்கிறது என்றார்.

ஜூன் 7, சனி

இருபத்துமூன்று!

"இந்தத் தடவ ஒண்ணும் கஷ்டமாத் தெரியல. இதுகளத் திருப்பணும்ல, அந்த நெனப்பே இருக்கு" என்றார். முட்டைதான் தன்னைப் பிடித்து நிறுத்துகிறது என்று நினைக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரியும் எது நிறுத்துகிறது என்று. பொட்டலத்தை இந்த நோட்டோடு என் பையிலேயே வைத்துக்கொள்கிறேன். பையை அவர் தொடமாட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

ஏழாம் நாள். மத்தியானம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தேன். சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். அவர் கையில் டார்ச் நிற்கவில்லை. "நீ லைட்டப் பிடி, நான் முட்டையப் பிடிக்கேன்" என்றார், பிறகு வேண்டாம் என்று மாற்றிக்கொண்டார், முட்டையைக் கீழே போட்டுவிடுவோமோ என்ற பயம். நான் முட்டையைப் பிடித்தேன். அவர் இரண்டு கையாலும் டார்ச்சைப் பிடித்தார்.

உள்ளே சிவப்பாக நரம்பு ஓடுகிறது. நடுவில் ஒரு கரும்புள்ளி. அது துடிக்கிறது. லட்சம் முட்டையாவது என் கை வழியாகப் போயிருக்கும், உள்ளே இப்படி ஒன்று இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பன்னிரண்டு தேறியது. மூன்று வெறும் முட்டை. என் தோளில் கை வைத்துக்கொண்டுதான் எழுந்தார். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

ஜூன் 11, புதன்

ஆள் மெலிந்துகொண்டே போகிறார். வாயெல்லாம் இரும்பைச் சப்பின மாதிரி இருக்கிறது என்கிறார். இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. நாட்டுமருந்துக் கடையில் பசி எடுக்க அரிஷ்டம் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். வெல்லமும் மூலிகையும் ஊறினது, பச்சைப்பிள்ளைக்கும் கொடுக்கலாம் என்றார் கடைக்காரர். ஆறரை மணிக்கே இட்லி கொடுத்து, பெரிய மூடியால் இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு நல்ல பிள்ளையாகக் குடித்தார்.

பெட்டித் தண்ணீர் குறைந்திருந்தது, ஊற்றினேன். நாளைக்குப் பள்ளிக்குக் கொண்டைக்கடலை ஊறப்போட...

கொல்லையில் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்கிறது.

ஜூன் 12, வியாழன்

நேற்று ராத்திரி முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. கண் இரத்தமாக இருந்தது. நெஞ்சு அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. ஒரு மணி நேரம் தரையில் சுருண்டு கிடந்தார்.

குடித்திருக்கிறார். வேறென்ன? நான் பள்ளிக்குப் போயிருக்கிற நேரத்தில் குடித்திருக்கிறார். வாயை மோந்து பார்த்தேன், அரிஷ்ட வாடைதான் வந்தது. அதையும் கெட்டிக்காரத்தனமாக மறைத்துவிட்டார்.

"சத்தியமா குடிக்கல வேலு."

இந்தச் சத்தியம் எனக்குப் புதிதா? பாக்கியத்தக்காவிடம் சொன்னேன். "பாத்தியா, மருந்து பிடிச்சிருச்சு" என்று அதற்கு ஒரே சந்தோஷம். எனக்கும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். முப்பது நாள் ஆகவும் இரண்டு நாள்தான் இருந்தது.

தவிட்டு மூட்டை, பழைய மோட்டார்க் கூடு, தண்ணித் தொட்டிக்குப் பின்னால், எல்லா இடத்திலும் தேடினேன். பாட்டில் இல்லை. எங்கேயோ வெளியில் வைத்திருக்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

வாந்தி எடுத்த உடம்பு துவண்டு கிடக்கிறதே என்று நேற்றுக் கொடுக்காமல் விட்ட அரிஷ்டத்தை இன்று சாயங்காலம் மறுபடியும் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் அதே சிவப்பு, அதே வாந்தி.

இன்றைக்கு என்னால் முடியவில்லை. வாசலில் நின்று கத்திவிட்டேன். தெருவே கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். "பெத்த பிள்ள சம்பாதிக்கப் போற நேரத்துல என்னைய முண்டச்சியாக்கப் பாக்கறீங்களா?" என்றேன். இவர் பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "சுபா மேல சத்தியமா, ஒரு சொட்டு தொடல."

"அவ பேரச் சொல்லாதீங்க அந்த வாயால."

சுபாவுக்குப் போன் போட்டேன். அவளும் அவர் காதில் கத்தினாள். கடைசி வரை கேட்டுவிட்டு, போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

இனி ஒரு சிட்டிகை போதாது. இரண்டு.

ஜூன் 14, சனி

முட்டையை மூன்று வேளையும் திருப்பினார். என்னோடு பேசவில்லை. அரிஷ்டத்தைத் தொடமாட்டேன் என்று தள்ளிவிட்டார். ரசம் மட்டும் சாப்பிட்டார்.

சாயங்காலம் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், பெட்டியிடம் சொல்வது மாதிரி சொன்னார்: "குடிச்சாலும் குடிகாரன். குடிக்கலைன்னாலும் குடிகாரன். பெறகு என்னத்துக்கு இம்புட்டுக் கஷ்டம்?"

பேச்சைப் பார் என்று நினைத்துக்கொண்டு தட்டைக் கழுவினேன்.

ஜூன் 16, திங்கள்

நேற்று எழுதவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை முட்டையைத் திருப்பிவிட்டு, சூட்டை அட்டையில் குறித்துவிட்டு, பல்பு வாங்கி வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. ஒரு மணிக்கு ஆட்டோக்காரர் கொண்டுவந்து இறக்கினார். பிராந்திக் கடைக்குப் பின்னால் விழுந்து கிடந்தாராம். நேற்றுக் குடித்தது நிஜம். யாரும் சொல்ல வேண்டியதில்லை, சட்டையெல்லாம் அந்த வாடை. முகம் சிவந்து, பிறகு வெளுத்து, மூச்சு இழுத்தது. கை சில்லிட்டுப்போனது.

பிரஷர் ஏறவே மாட்டேன் என்கிறது. மாரடைப்பா என்று பார்த்தார்கள், அதுவும் இல்லை. எதனால் என்று டாக்டரம்மாவுக்குப் பிடிபடவில்லை. சுபா மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுக்க வீட்டுக்குப் போனவள் அரிஷ்டப் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"இத அப்பாவுக்குக் குடுத்தியா? என்னைக்குக் குடுத்த?"

"பதினொண்ணும் பதிமூணும்."

"இதுல சாராயச் சத்து இருக்கும்மா. ஊறுதுல்ல, அதுலயே உண்டாகும். இந்தா, பாட்டில்லயே போட்டிருக்கான்." பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆனா ரெண்டு மூடிக்கு மொகம் செவந்து வாந்தி எடுக்காதே. வேற ஏதாச்சும் குடுத்தியாம்மா?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து தேதியை எண்ணினேன். பதினொன்று. பதிமூன்று. வேறு எந்த நாளும் வாந்தி இல்லை. அவர் குடிக்கவில்லை. இரண்டு நாளும் அவர் குடிக்கவில்லை. நான்தான் ஊற்றிக் கொடுத்தேன், நான்தான் கலந்தும் கொடுத்தேன், நான்தான் தெருவில் நின்று கத்தினேன். என் மனிதர் சொன்னது சத்தியம். பெற்ற பிள்ளை மேல் வைத்த சத்தியம்.

சொன்னால் சுபா என் முகத்தில் விழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் அவர் போய்விடுவார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்தேன். பத்து நிமிடம் யோசித்தேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிறகு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டரம்மா என் சுபாவை விட நாலைந்து வயதுதான் மூத்தவர் இருப்பார். பிரித்துப் பார்த்தார். "இதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எத்தன நாளா குடுக்கறீங்க?"

"பன்னண்டு நாளா."

"அவருக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு மளமளவென்று ஏதோ சொல்லி மருந்தை மாற்றினார். இது குடியை நிறுத்தக் கொடுக்கிற மாத்திரைத் தூளாகத்தான் இருக்கும், உடம்பில் இருக்கும்போது கொஞ்சம் சாராயம் போனாலே உயிருக்கு ஆபத்து, டாக்டர் கண்காணிப்பில், குடிக்கிறவர் சம்மதித்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். "அரை நாள் முந்திச் சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

கட்டிலில் அவர் கண் திறந்திருந்தது. எப்போது திறந்தார் என்று தெரியாது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 17, செவ்வாய்

பிரஷர் ஏறிவிட்டது. பிழைத்துவிட்டார்.

சுபா என்னோடு தேவைக்குப் பேசுகிறாள். "சோப்பு எங்க? சீட்டு எங்க?" அவ்வளவுதான். சாயங்காலம் வந்து, "முட்டையத் திருப்புனாங்களான்னு கேக்கச் சொன்னாரு" என்றாள். நான் நான்கு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் நேராகக் கேட்கவில்லை.

ஒன்றரை நாள் யாரும் திருப்பவில்லை. நேற்றுச் சாயங்காலம்தான் போய்த் திருப்பினேன். "திருப்பிட்டேன்னு சொல்லு" என்றேன்.

ஜூன் 19, வியாழன்

காலை திருப்பிவிட்டுப் பள்ளி, பள்ளியிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு, திருப்பல். போர்வை போட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு கையில் முட்டை, ஒரு கையில் டார்ச். எட்டில்தான் அசைவு இருக்கிறது. நான்கு ஓய்ந்துவிட்டது, எடுத்து வெளியே போட்டேன். அந்த ஒன்றரை நாள்தான்.

பாக்கியத்தக்கா வந்து, "நல்லதுக்குத்தானடி குடுத்தேன், இப்பிடி ஆகும்னு கண்டேனா" என்று மூக்கைச் சிந்தியது. சண்டை போடத்தான் நினைத்தேன். என்னவென்று போட? கலந்தது என் கை. இந்தக் கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கழுவிக் கழுவிப் பார்க்கிறேன்.

ஜூன் 21, சனி

பதினெட்டாம் நாள். இனித் திருப்பக் கூடாது, மூடியைத் திறக்கக் கூடாது. தண்ணீரை நிரப்பி மூடிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். மூடியில் பதித்திருந்த கண்ணாடித் துண்டு வழியாக எண்ணினார். எட்டுதான் என்பதைப் பார்த்துக்கொண்டார். கேட்கவில்லை.

நான் சோறு போட்டு வைத்தேன். எழுந்து போய்ச் சின்னப் பானையைத் தானே கழுவி, தானே அரிசி களைந்து, தனியாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டார். தண்ணீரைக்கூட என் குடத்திலிருந்து எடுக்கவில்லை, குழாயில் பிடித்தார். சுபா என்னைப் பார்த்தாள். நான் போட்ட சோற்றை நானே எடுத்து மூடினேன்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 23, திங்கள்

ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சு என்று சத்தம். அவர் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தார். நான் எட்டி நின்று கேட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

பொரித்துவிட்டன. காலை பத்து மணிக்கு முதல் குஞ்சு ஓட்டை உடைத்தது, சாயங்காலத்துக்குள் ஏழு. நனைந்து, கழுத்து நிற்காமல், அசிங்கமாகத்தான் இருந்தன. காய்ந்த பிறகுதான் குஞ்சு மாதிரி ஆயின.

எட்டாவது மூக்களவு ஓட்டை போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டது. மணிக்கணக்காக அலகு மட்டும் வெளியே தெரிகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. மூடியைத் திறந்து ஓட்டைக் கொஞ்சம் உரித்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன்.

"கை வைக்காத."

ஒன்பது நாள் கழித்து என்னிடம் நேராகப் பேசியது இந்த இரண்டு வார்த்தை. கையை எடுத்துவிட்டேன். அது வெளியே வரவில்லை, ஓட்டுக்குள்ளேயே செத்துவிட்டது. நான் உரித்திருந்தால் பிழைத்திருக்குமா என்று தெரியாது. பாக்கியத்தக்கா கோழி பத்துப் பொரித்திருக்கிறதாம்.

ஜூன் 25, புதன்

சுபா ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர்ட்ட மன்னிப்புக் கேட்டியாம்மா?" என்றாள். கேட்கவில்லை. எந்த வார்த்தையால் கேட்பது? அவர் மன்னிப்புக் கேட்டு நான் நம்பாத தடவைகள் எத்தனையோ இருக்கின்றன. அந்த வார்த்தைக்கு எங்கள் வீட்டில் மதிப்பில்லை.

ஜூன் 26, வியாழன்

குஞ்சுக்குத் தின்னத் தெரியவில்லை. கோழி இருந்தால் கொத்திக் காட்டும். இவர் பழைய பேப்பரை விரித்து, கம்பைப் பொடியாக இடித்துத் தூவி, ஒற்றை விரலால் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருந்தார். ஒன்று வந்து கொத்தியது. பிறகு எல்லாம் வந்தன. விரல் நடுங்கித்தான் தட்டுகிறது, குஞ்சுகளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

அந்த மும்முரத்தில் அடுப்பில் வைத்த கஞ்சி அடிப்பிடித்துக் கருகிவிட்டது. பானையைத் துணியால் பிடித்து இறக்கப் போனார், கை ஆடி, மிச்சமும் தரையில் கொட்டியது. கொட்டினதைப் பார்த்துக்கொண்டே நின்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மணி இரண்டாகிவிட்டது. நான் விடுப்பில்தான் இருந்தேன்.

ஒரு தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். உட்கார்ந்தார். தட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை என் பக்கம் தள்ளினார்.

"நீ மொதல்ல தின்னு."

தின்றேன். ஒரு வாய். என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இறங்குகிறதா என்று. "இன்னொரு வாய்" என்றார். அதையும் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்து தட்டில் விழுந்துவிடுமோ என்று தலையை நிமிர்த்திக்கொண்டு விழுங்கினேன். வாயை ஆவென்று திறந்து காட்டினேன், பள்ளிக்கூடத்தில் மாத்திரை கொடுக்கும்போது பிள்ளைகள் காட்டுவது மாதிரி.

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினார்.

"உப்பே இல்ல."

தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக உப்பு டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். வெள்ளையாக ஒரு சிட்டிகையை எடுத்து அவர் சாப்பாட்டுக்கு மேல் தூவ எனக்குக் கை வரவில்லை. டப்பாவை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு என் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தானே அள்ளி, பாதியைக் கீழே சிந்தி, மிச்சத்தைப் போட்டுப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.